பத்துப் பொருத்தமும் ஐம்பதாம் நம்பர் கோட்டும்

சங்குமுத்தூரில் மூன்று அறிவாளிகள் இருந்தார்கள். மூவரும் ஒரே வயிற்றில் பிறந்துவிட்டதால் மற்ற வீடுகள் தப்பித்தன. மூத்தவர் ஆவுடையப்பன், அடுத்தவர் சுடலைமாடன், கடைக்குட்டி உலகநாதன். உலகநாதன் ஒருமுறை யாரையோ வழியனுப்பப் போய், விமான நிலையத்து வாசலில் அரை நாள் நின்றவர். அதனால் வெளிநாட்டு விவகாரம் எதுவானாலும் அவர் வைத்ததுதான் சட்டம்.

இவர்களுடைய அக்கா மகன் பால்வண்ணன். தகப்பன் இல்லாத பிள்ளை. தாய்மாமன்கள் இழுத்த இழுப்புக்கெல்லாம் போவான். அவனுக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் வந்து, இரண்டையும் மாமன்மார் பேசியே முறித்திருந்தார்கள். மூன்றாவதாக வந்தவள் பரமகல்யாணி. பெண் பார்க்கப் போன அன்று காப்பியை நீட்டும்போது அவள் லேசாகச் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து பால்வண்ணன் இந்த உலகத்தில் இல்லை. இவள் கிடைக்காவிட்டால் செத்துப்போவேன் என்று ஆட்டுக்குட்டியிடம்கூடச் சொல்லிவைத்தான்.

ஜோசியர் இரண்டு ஜாதகத்தையும் பார்த்துவிட்டுப் பத்துக்குப் பத்துப் பொருத்தம் என்றார். இப்படி அமைவது அபூர்வம் என்றும் சொன்னார். மாமன்மார் அந்தப் பத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

கெடுதல் ஜெர்மனியிலிருந்து வந்தது. பெண்ணின் பெரியப்பா திரவியம் அங்கே இருந்தார். வரவேற்புக்கு மாப்பிள்ளை போட்டுக்கொள்ளக் கோட்டு அனுப்புவதாகவும், தான் நேரில் வரும்போது மாப்பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்றும் போனில் சொன்னார். நிற்காவிட்டால் கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று பெண்வீட்டார் காதோடு காதாகச் சொன்னார்கள். டெய்லர் டேப்பைப் போட்டு மார்பு நாற்பது என்றார். பெரியப்பா, "அப்போ இங்கத்த அளவு நம்பர் ஐம்பது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

மாமன்மார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ஏம்ல, இங்க நாற்பது அங்க எப்படி ஐம்பதாவும்?" என்றார் ஆவுடையப்பன்.

உலகநாதன் கண்ணை மூடிக்கொண்டார். "அண்ணே, நம்ம ரூவா அங்க போனா சிறுத்துரும். அப்போ வேற ஏதாவது பெருக்கணும்லா? அதான் உடம்பு பெருக்குது."

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று இரண்டு அண்ணன்மாரும் ஒத்துக்கொண்டார்கள்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது கோட்டு வந்தது. கழுத்துப்பட்டைக்குள் ஐம்பது என்று தைத்திருந்தது. பால்வண்ணன் போட்டுப் பார்த்தான். அளவெடுத்து உடம்பின் மேலேயே தைத்த மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டபோது, பரமகல்யாணி இன்னொரு தடவை சிரிப்பாள் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"எப்படில இருக்கு?" என்றார் சுடலைமாடன், கவலையோடு.

"சரியா இருக்கு மாமா."

"அதான் சரியில்ல. நாற்பது உடம்புக்கு ஐம்பது கோட்டு சரியா இருக்கலாமா? அது பொருந்துத மாதிரி நடிக்குது."

டேப் மறுபடி வந்தது. உடம்பு நாற்பதுதான். அப்படியென்றால் பத்து இஞ்சு எங்கே? மூவரும் கோட்டைப் பாயில் கிடத்தித் தேடினார்கள். கோட்டுப்பையை உதறினார்கள், உள்துணியைப் பிரித்தார்கள். ஒரு இஞ்சுகூட அகப்படவில்லை. அப்போதுதான் ஆவுடையப்பனுக்கு மூளை வேலை செய்தது. அது அடிக்கடி நடப்பதில்லை என்பதால் எல்லோரும் பயந்துபோனார்கள்.

"ஜோசியர் எத்தனை பொருத்தம்னார்?"

"பத்து."

"கோட்டுல எத்தனை பொருந்தல?"

"பத்து."

"பத்துல பத்து போனா?"

பாக்கி பூஜ்யம். ஒரு பொருத்தம்கூட இல்லாத இடத்தில் எப்படிப் பெண் எடுப்பது? கல்யாணத்தை நிறுத்திவிடுவதுதான் மரியாதை என்றார் சுடலைமாடன். பால்வண்ணன் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

அழுகிற பிள்ளையைப் பார்க்கச் சகிக்காமல் உலகநாதன் வழி கண்டுபிடித்தார். கோட்டை மாற்ற முடியாது, ஜாதகத்தை மாற்ற முடியாது, மருமகனை மாற்றலாம். ஒரு இஞ்சு பெருத்தால் ஒரு பொருத்தம் திரும்பி வரும். பாதிப் பொருத்தம் இருந்தாலே ஊரில் தாலி கட்டுகிறார்கள். ஆகவே நாற்பத்தைந்து போதும்.

அன்று முதல் பால்வண்ணனுக்குக் காலையில் அல்வா, மத்தியானம் கறிச்சோறு, சாயங்காலம் நெய்யில் பொரித்தது எதுவானாலும் என்று போட்டுத் தள்ளினார்கள். அவனும் காதலுக்காக என்ன வேண்டுமானாலும் செய்யத் துணிந்தவன். கண்ணீர் வழிய வழிய விழுங்கினான். நாற்பத்தொன்றில் கோட்டு கொஞ்சம் பிடித்தது. நாற்பத்து மூன்றில் பொத்தான் தெறித்துப் போய்ப் பூனை மேல் விழுந்தது.

"மாமா, கோட்டு பத்தல" என்றான்.

"பத்தாதுல. பொருத்தம் கூடக்கூட அதுக்கு ரோஷம் வரும்" என்றார் ஆவுடையப்பன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு. பால்வண்ணன் சரியாக நாற்பத்தைந்து. இரண்டு கையையும் கோட்டுக்குள் திணிக்கவே மூன்று மாமன்மாரும் தேவைப்பட்டார்கள். கோட்டின் முன்பக்கம் இரண்டும் சண்டை போட்ட பங்காளிகளாக ஆளுக்கொரு திசையில் நின்றன. கையைக் கீழே இறக்க முடியாமல், பறக்கப் போகிறவன் மாதிரி மேடையில் நின்றான். பக்கத்தில் பரமகல்யாணி நின்றாள். அவள் சிரிக்கவில்லை.

ஜெர்மனிப் பெரியப்பா மேடை ஏறினார். கோட்டைப் பார்த்தார். முகம் சிவந்தது. தான் அனுப்பியதைக் கேலிப்பொருளாக்கிவிட்டார்களா என்று கேட்டார். கூட்டம் திரும்பிப் பார்த்தது.

பால்வண்ணனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதற்கும் கொஞ்சம் புத்தி வேண்டும். "வந்தன்னிக்குச் சரியா இருந்திச்சு பெரியப்பா. சரியா இருந்ததாலதான் இப்படி ஆயிட்டு" என்றான். பிறகு ஜோசியர், பத்து, அல்வா எல்லாவற்றையும் ஒப்பித்தான்.

பெரியப்பா விரல் விட்டுக் கணக்குப் போட்டார். முப்பது வருஷம் ஜெர்மனியில் இருந்தாலும் அவர் பிறந்தது பக்கத்து ஊரில்தான்.

"இப்போ எவ்வளவு மாப்பிள்ளை?"

"நாற்பத்தைந்து."

"எங்க ஊர்க் கணக்குல ஐம்பத்தைந்து. கோட்டு ஐம்பது. அஞ்சு பொருந்தல."

"எங்க கணக்குலயும் அஞ்சுதான் அண்ணாச்சி" என்றார் உலகநாதன். "பத்துல அஞ்சு போக, பாக்கி அஞ்சு. ரெண்டு நாட்டுக்கும் ஒரே பொருத்தம்."

பெரியப்பா உலகநாதனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இரண்டு நாட்டிலும் செல்லுபடியாகிற பொருத்தத்தை அவர் எங்கேயும் பார்த்ததில்லையாம். கல்யாணம் நிச்சயம் என்றதும் பால்வண்ணன் பெருமூச்சு விட்டான். கோட்டு முதுகில் மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. பரமகல்யாணி சிரித்தேவிட்டாள்.

அப்போதுதான் பெரியப்பாவின் முகம் மாறியது.

"ஆமா, அங்க ஐம்பது இங்க நாற்பதுன்னா... நான் அங்கயிருந்துலா வந்திருக்கேன். நானும் பத்து குறைஞ்சிருப்பேனே. இந்தப் பேன்ட்டு அங்க வாங்கினதாக்கும்."

மாமன்மாருக்கு விஷயத்தின் தீவிரம் உடனே புரிந்தது. சுடலைமாடன் இடது பக்கமும் ஆவுடையப்பன் வலது பக்கமும் பாய்ந்து பெரியப்பாவின் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் முகூர்த்தம் முடிந்தும் பிடித்த பிடியை விடவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் அண்ணன்மார் இருவருக்கும் உலகநாதனே ஊட்டினார்.

விமான நிலையத்து வாசலிலும் அப்படியே நின்றார்கள். இதற்கு மேல் டிக்கெட் இல்லாதவர்கள் வரக்கூடாது என்று காவலாளி தடுத்தபோது, ஆவுடையப்பன் பெரியப்பாவின் கைகளை எடுத்து அவர் இடுப்பிலேயே வைத்து அழுத்தினார்.

"அண்ணாச்சி, ஜெர்மனி வாரவரைக்கும் விட்டுராதீய. வந்ததும் விட்டுரணும். அங்க போயும் பிடிச்சிருந்தா உடம்பு பழையபடி பெருத்து கை உள்ள மாட்டிக்கிடும்."