ரேடானுக்கு ஒரு வழியனுப்பு

கல்மண்டையூர் பெயருக்குப் பொருத்தமான ஊர். வீடுகளுக்கு அடியில் பாறை. அந்த வீடுகளில் இருப்பவர்களின் கழுத்துக்கு மேலேயும் அதே சரக்குதான்.

ஊர்த் தலைவர் உக்கிரபாண்டிக்குப் பேரன் பிறந்திருந்தான். பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த மருமகள் காஞ்சனமாலா, திரும்பி வருகிற நேரத்தில் போனில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

“மாமா, பாறை மேல கட்டின வீட்டுல ரேடான்னு ஒரு வாயு சேருமாம். வருஷக்கணக்கா சுவாசிச்சா நுரையீரல்ல புற்றுநோய் வரலாமாம். வீட்டைச் சோதிச்சு அதைக் குறைச்சாத்தான் பிள்ளையோட வாசப்படி மிதிப்பேன்.”

பேரன் முகத்தை இன்னும் பார்க்காத மனுஷன் பதறிப்போனார். சோதிக்கிற அதிகாரி அறிவுமதி வந்தார். கூடத்தில் ஸ்டூல் போட்டு ஒரு சின்ன டப்பாவை வைத்தார். சோதனை முடியும்வரை கதவு, ஜன்னலைச் சாத்தி வைக்கச் சொன்னார்.

“இந்த வாயு கண்ணுக்குத் தெரியாது. வாசனையும் கிடையாது.”

“எங்க மச்சினன் மாதிரின்னு சொல்லுங்க,” என்றார் தலைவரின் ஆலோசகர் ஒச்சப்பன். “வீட்டுல இருக்கானா இல்லையான்னே தெரியாது. சோறு மட்டும் குறையும்.”

முடிவு வந்தது. “வாயு ரொம்ப இருக்குய்யா. தரை விரிசலைச் சிமெண்ட் வச்சு அடைங்க. ஜன்னலைத் திறந்து வாயுவை வெளிய அனுப்புங்க,” என்றார் அறிவுமதி.

உடனே ஊர்க்கூட்டம் கூடியது. ஒச்சப்பன் எழுந்தார்.

“விரிசல் வழியாத்தானே வந்துச்சு? வந்த வழியை அடைச்சா நம்ம வீட்டுலயே தங்கிடாதா?”

கூட்டம் மொத்தமும் தலையாட்டியது. விரிசல் பிழைத்தது.

“அப்புறம், ஜன்னல் வழியா அனுப்புறதாவது!” தலைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “ஜன்னல் வழியா திருடன்தான் போவான். என் வீட்டுக்கு வந்தது வாசல் வழியாத்தான் போகும்.”

வாசல் கதவைத் திறந்தார்கள். ஊரே இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றது. தலைவரின் மனைவி பேச்சியக்காள் வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டினாள். கண்ணுக்குத் தெரியாதவர் எடுத்துக்கொள்ளக் கொஞ்சம் நேரம் விட்டு, “போயிட்டு வாங்க” என்று கைகூப்பினாள். பிறகு கதவை இறுக்கிச் சாத்தினார்கள்.

மறுசோதனையில் வாயு அப்படியே இருந்தது.

“மூடி வச்சா மறுபடி வரத்தான்யா செய்யும்! திறந்து வைங்க!” என்று தலையில் அடித்துக்கொண்டு கிளம்பினார் அறிவுமதி. அதில் ‘மறுபடி வரும்’ என்பது மட்டும்தான் அவர்கள் காதில் ஏறியது.

“ஏன் மறுபடி வந்துச்சு?” தலைவர் உறுமினார்.

“அக்காதானே ‘வாங்க’ன்னாங்க? வாய்விட்டுக் கூப்பிட்டா வராம என்ன செய்யும்?” என்றார் ஒச்சப்பன்.

“வாசல்ல நின்னு வெறுமனே ‘போ’ன்னு சொல்லலாமா? அபசகுனம்ல!” என்றாள் பேச்சியக்காள்.

தீர்மானம் போட்டார்கள். இனி அந்த வாசலைத் தாண்டிப் போகிற எவரையும் “போ, திரும்பி வராதே” என்றுதான் அனுப்ப வேண்டும். ஆளுக்கொரு பேச்சுப் பேசினால் வாயு குழம்பிவிடுமாம். அப்படியே அதை மறுபடி அனுப்பிவைத்து, ஜன்னல் இடுக்கிலெல்லாம் சாக்கைத் திணித்தார்கள்.

வாயு போய்விட்டது என்று மாமனார் சொன்னதை நம்பி, காஞ்சனமாலா குழந்தையோடு காரில் வந்து இறங்கினாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“ஜன்னல் ஏன் மாமா மூடிக் கிடக்கு?”

“போனது வந்துடக் கூடாதுல்லம்மா!”

“விரிசலை அடைச்சு, ஜன்னலைத் திறந்துட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் பிள்ளை எங்க அம்மா வீட்டுலயே இருக்கட்டும். போயிட்டு வரேன் மாமா.”

பேரன் தாத்தாவின் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவருக்குக் கண் கலங்கியது. ஒச்சப்பன் விலாவில் இடித்தார்.

“தலைவரே, தீர்மானம்!”

தலைவர் விரலை மெல்ல உருவிக்கொண்டார். “போம்மா. திரும்பி வராதே.”

“திரும்பி வராதே!” என்று ஊரே ஒரே குரலில் சொன்னது. காஞ்சனமாலா எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் காரில் ஏறினாள்.

மாதங்கள் போயின. அவள் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. பேச்சியக்காள் பேரனை நினைத்து மூலையில் உட்கார்ந்து அழுதாள்.

“அழாதடி,” என்றார் உக்கிரபாண்டி. “தீர்மானம் நல்லா வேலை செய்யுது. சொந்த மருமகளே வரலைன்னா வாயு எப்படி வரும்?”

சொல்லிவிட்டு, மூடிய கூடத்தின் நடுவில் நின்று, நிம்மதியாக மூச்சை ஆழ இழுத்தார்.