தளுக்கனுக்கு வந்த சுளுக்கு

இமயமலைக்கு வடக்கே ஓர் ஏரி. அங்கிருந்து ஐந்து காட்டு வாத்துகள் தென்னாட்டுக் குளம் ஒன்றுக்குக் கிளம்பின.

கூட்டத்தில் முன்னால் பறப்பவருக்குத்தான் காற்று முகத்தில் அறையும். பின்னால் வருபவர்களுக்குப் பாதி வேலைதான். அதனால் ஒரு மலை தாண்டியதும் முன்னால் இருந்தவர் கடைசிக்குப் போய் இளைப்பாறுவார், அடுத்தவர் முன்னால் வருவார். அவருக்கு முடியவில்லை என்றால் அவருக்கும் அடுத்தவர் போக வேண்டும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் மரியாதை இல்லையாம். நல்ல மரியாதை, போங்கள்!

அந்தக் கூட்டத்தில் தளுக்கன் என்று ஒருவன். உடம்பு முழுக்கக் கொழுப்பு, வாய் முழுக்கச் சாக்கு. அவனுக்கு அடுத்த முறை வேம்பியுடையது.

தளுக்கன் முறை வந்தது.

"ஐயோ, கழுத்து பிடித்துக்கொண்டது! வேம்பியக்கா, நீங்கள் போங்களேன்!"

வேம்பி போனாள். அவன் மலையையும் தன் மலையையும் சேர்த்து இரண்டு மலை பறந்தாள். அடுத்த சுற்றிலும் அதே கதை.

"இறக்கையில் சுளுக்கு அக்கா!"

மூன்றாம் சுற்றில் அவனுக்கு வயிறு சரியில்லையாம். மறுபடியும் வேம்பிதான் போனாள்.

வரிசையின் கடைசியில் சொகுசாக மிதந்துகொண்டே அவன் உபதேசம் வேறு செய்தான். "நெடுந்தூரம் பறக்க ஒரு பக்குவம் வேண்டும். கழுத்தைத் தளர விட வேண்டும். அரைக்கண் மூடிக்கொள்ள வேண்டும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். என்னைப் பாருங்கள், களைப்பே தெரியவில்லை!"

எப்படித் தெரியும்? அவன் களைப்பையும் சேர்த்து வேம்பி அல்லவா சுமந்தாள்! சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எல்லாவற்றிலும் உயரமான மலை வந்தது. தளுக்கனுக்கு மறுபடி சுளுக்கும் வந்தது. முன்னால் போன வேம்பி பாதி மலையில் மயங்கிப் பனியில் விழுந்தாள். மற்றவர்கள் பதறிக்கொண்டு கீழே இறங்கினார்கள். அவளுடைய இடது இறக்கை மடங்கிக் கிடந்தது.

"நான்தான் சொன்னேனே, அக்காவுக்கு ஓய்வெடுக்கத் தெரியாது!" என்றான் தளுக்கன்.

"வாயை மூடுடா!" என்று வேம்பி சீறினாள். பிறகு மற்ற மூவரையும் பார்த்தாள். "இவன் மேல் எனக்குப் பாதிக் கோபம்தான். மீதி உங்கள் மேல்! இவனுக்குச் சுளுக்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்று உங்களுக்குத் தெரியாதா?"

மூவரில் மூத்தவனான செங்காலன் தலையைக் குனிந்துகொண்டான். "தெரியும். அவனிடம் எதற்கு வாய் கொடுப்பது என்றுதான்..."

"உங்கள் வாய் பத்திரமாக இருக்கிறது. என் இறக்கையைப் பாருங்கள்!"

பனி கொட்டத் தொடங்கியது. செங்காலன் தளுக்கனை ஓங்கி ஒரு கொத்து கொத்தினான். "காற்று அடிக்கும் பக்கம் நீ போய் நில்!"

"ஐயோ, குளிருமே!"

"குளிரட்டும்!"

நால்வரும் வேம்பியைச் சுற்றி நின்று காத்தார்கள். பனி நின்ற பிறகு அவளால் எழ முடிந்தது. ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் இறங்கி இறங்கி, தளுக்கனை முன்னால் விட்டு, எப்படியோ தென்னாட்டுக் குளத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஆனால் மடங்கிய இறக்கை பழையபடி விரியவே இல்லை.

குளிர்காலம் முடிந்து வெயில் ஏறியதும் எல்லோரும் வடக்கே கிளம்பினார்கள். வேம்பி மட்டும் தண்ணீரில் நின்றாள். அவள் பிறந்த ஏரியை அவள் இனிப் பார்க்கப் போவதில்லை.

"எங்களை மன்னித்துவிடு வேம்பி" என்றான் செங்காலன்.

"மன்னிக்க மாட்டேன்! போங்கள். வழியில் எவனாவது சாக்குச் சொன்னால், இந்தத் தடவையாவது ஏன் என்று கேளுங்கள்!"

ஒருவன் சொகுசுக்காக இன்னொருவர் தேய்வதைப் பார்த்தும் வாய் திறக்காதவர்கள், அந்த அநியாயத்தில் பங்காளிகளே.