முரசும் புளியமரமும்

செங்காட்டூர் மன்னர் உக்கிரசேனருக்குத் தம் புது முரசின் மீது அபாரப் பெருமை. இரவில் ஜாமத்துக்கு ஜாமம் அது முழங்கும். மன்னர் காவல் காக்கிறார் என்று அதைக் கேட்டுக் குடிமக்கள் நிம்மதியாக உறங்க வேண்டுமாம். அரண்மனையோ முரசு மேடைக்கு வெகுதூரம்.

மேடை இருந்த மேலைத்தெருவில் சிலருக்கு மெல்ல மெல்லச் சித்தம் கலங்கியது. ஒருவர் காரணமில்லாமல் அழுதார். இன்னொருவர் சுவரோடு சண்டை போட்டார்.

ராஜவைத்தியர் அகோரலிங்கம் தெருவை எட்டிப் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னார். "எல்லாம் புளியமரக் காற்று, பிரபு! மரங்களை வெட்டிவிட்டால் இனி ஒருவருக்கும் இந்த நோய் வராது."

அத்தெருவே புளி விற்றுப் பிழைப்பது. அங்கே புளி விற்கும் வெள்ளாத்தாள் அரசவை விகடர் மருதையனிடம் ஓடிவந்தாள்.

"சாமி, கோடாலி வருதாம்! புத்தி போனது பத்தாதுன்னு சோறும் போகணுமா?"

"ராத்திரி தூங்குகிறீர்களா?"

"எங்க தூங்க? கண் அசந்தா டமார்ங்குது!"

மருதையனுக்கு விஷயம் புரிந்தது. முரசைக் குறைசொன்னால் தன் தலை தங்காது என்பதும் புரிந்தது.

அவையில் அவர் பணிவாகக் கேட்டார். "வைத்தியரே, கீழைத்தெருவிலும் புளியமரம் உண்டே. அங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறார்களே?"

"அது வேறு புளி."

"சோதித்துப் பார்த்தீர்களா?"

"என் அனுபவம் போதும்!"

"பிரபு, வெட்டிய மரத்தை ஒட்டவைக்க முடியாது. ஒரு மாதம் பொறுப்போம். அதுவரை முரசு வைத்தியர் வீட்டு வாசலில் முழங்கட்டும். அந்தக் கௌரவத்துக்கு இவரைவிடத் தகுந்தவர் யார்?"

வைத்தியர் பூரித்துப்போனார். மன்னரும் தலையசைத்தார்.

மாதம் முடிந்தது. மேலைத்தெருவில் அழுதவர் மரமேறிப் புளி உலுக்கினார். சுவரோடு சண்டை போட்டவர், பழையபடி மைத்துனரோடு சண்டை போட்டார்.

வைத்தியர் அவைக்கு வந்தார். தலைப்பாகை இடுப்பில் இருந்தது. ஒரு தூணின் முன்னே நின்று, "நாக்கை நீட்டு!" என்று அதட்டினார்.

மன்னர் திகைத்தார். "இவருக்கு என்ன ஆயிற்று?"

"தெரியவில்லை, பிரபு. இவர் தெருவில் புல்கூட முளைக்காது. யாரோ ரகசியமாகப் புளியமரம் நட்டிருக்க வேண்டும்."

மன்னருக்கு மெல்ல உறைத்தது. முகம் சிவந்தது. "ஒரே ஒரு வைத்தியரை வைத்து என் முரசைப் பழிக்கிறாயா? இந்தச் சான்று போதாது!"

"நியாயம், பிரபு. இன்னொரு முறை சோதிப்பதே முறை. அடுத்த மாதம் முரசைத் தங்கள் பள்ளியறைச் சன்னலடியில் வைப்போம்."

மன்னர் வைத்தியரைப் பார்த்தார். தூண் இன்னும் நாக்கை நீட்டவில்லை.

"வேண்டாம், வேண்டாம்! சான்று தாராளமாகப் போதும்!" என்று மன்னர் வயிறு குலுங்கச் சிரித்து, தம் முத்துமாலையைக் கழற்றி மருதையன் கழுத்தில் போட்டார். அன்றிரவு செங்காட்டூர் முழுக்க ஒரே குறட்டை.