‘பிறகு பார்ப்போம்’ மூலை

ஒரு காட்டில் பெரிய ஏரி ஒன்று இருந்தது. மேற்குக் கரையில் காட்டுப்பன்றிகள் இருந்தன. வடக்கே ஆலமரத்தில் குரங்கு இருந்தது. தெற்கே பாறை மேல் மயில் இருந்தது. கிழக்குக் கரைக்குள் வளை தோண்டி, கண் திறக்காத மூன்று குட்டிகளோடு ஒரு நீர்நாய் இருந்தது. கரை வழியாக ஏரியைச் சுற்றி வர அரை நாள் ஆகும்.

அதனால் அவை ஆளுக்கொரு இணையப் பலகை வைத்திருந்தன. எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள், வந்துவிட்டது. ஒருவர் எழுதினால் நான்கு கரையிலும் தெரியும். மஞ்சள், பச்சை, நீலம் என்று சீட்டு ஒட்டலாம், இழுத்து நகர்த்தலாம். யாருடைய கை எங்கே போகிறது என்று சின்ன அம்புக்குறி காட்டும். அதன் பக்கத்தில் பெயரும் இருக்கும்.

பலகையின் நடுவில் ‘இன்று’ என்று ஒரு கட்டம். அதில் ஒட்டியதை அன்றைக்கே செய்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. பன்றிகள் அதை மீறியதே இல்லை. வழியில் மரம் விழுந்து கிடக்கிறது என்று ‘இன்று’ கட்டத்தில் ஒட்டினால், மத்தியானத்துக்குள் வழியில் மரம் இருக்காது. நல்ல ஏற்பாடுதான். பலகை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. என் கோபமெல்லாம் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்ட மயில் மேல்.

மயிலுக்குப் பலகை அழகாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். சீட்டுகள் வரிசை தப்பக் கூடாது, நிறம் இடிக்கக் கூடாது. பிடிக்காத சீட்டைத் தள்ளி வைக்க வலது ஓரத்தில் ஒரு மூலை வைத்திருந்தது. அதற்கு ‘பிறகு பார்ப்போம்’ என்று பெயர். அந்த மூலைக்குப் போன சீட்டு திரும்பி வந்ததாக யாருக்கும் நினைவில்லை.

மழைக்காலத்தில் ஏரி நிரம்பி நின்றது. ஒரு நாள் காலை, நீர்நாயின் வளைக்குப் பக்கத்தில் கரை கசிந்தது. விரல் நுழையும் அளவு ஓட்டை. நீர்நாய் சேற்றை அள்ளி அடைத்தது. தண்ணீர் சேற்றைத் தள்ளியது. மறுபடி அடைத்தது. கையை எடுத்தால் ஓட்டை பெரிதாகும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. ஒரு கையால் ஓட்டையைப் பொத்திக்கொண்டு, மறுகையால் சிவப்புச் சீட்டு ஒன்றை எழுதி ‘இன்று’ கட்டத்தில் ஒட்டியது. ‘கிழக்குக் கரை கசிகிறது. பன்றிகள் உடனே வரவும்.’

குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ஓடியிருந்தால் ஏரி போயிருக்கும். கோடையில் அத்தனை உயிரும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். அதுவுமில்லாமல், சீட்டு ஒட்டியாயிற்று, பன்றிகள் வந்துவிடும் என்று நீர்நாய் நம்பியது.

அன்றைக்கு மயில் வேறொன்றில் மும்முரமாக இருந்தது. மழை வரவேற்பு விழா வருகிறது. மயில் ஆடப் போகிறது. ஆடுவதற்கு மேடை வேண்டும். பன்றிகள் மேடைக்கு மண் கொட்ட வேண்டும் என்று ‘இன்று’ கட்டம் முழுக்க நீலச் சீட்டு ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு சிவப்புச் சீட்டு வந்து உட்கார்ந்ததும் மயிலுக்குக் கண் உறுத்தியது. பன்றிகள் பார்ப்பதற்குள், அதை இழுத்துக்கொண்டு போய் ‘பிறகு பார்ப்போம்’ மூலையில் போட்டது.

நீர்நாய் அதை மறுபடி நடுவில் வைத்தது. மயில் எடுத்தது. மூன்றாம் தடவையும் வைத்தது, மயில் மூன்றாம் தடவையும் எடுத்தது. குட்டிகள் உள்ளே இருக்கின்றன, சீக்கிரம் யாரையாவது அனுப்புங்கள் என்று நீர்நாய் பலகையின் அடியில் எழுதிக் கெஞ்சியது. மயிலிடமிருந்து பதில் வந்தது.

“நீர்நாயம்மா, இன்னைக்குத் தலைப்பு விழா. தலைப்பை விட்டு வெளிய போகாதீங்க.”

அதோடு விடவில்லை. தன்னைத் தவிர வேறு யாரும் எதையும் நகர்த்தவோ எழுதவோ முடியாதபடி பலகையைப் பூட்டிவிட்டது. அதற்குக் கொஞ்சம் முன்னால் குரங்கு வந்து சிவப்புச் சீட்டின் மேல் ஒரு இதயப் படம் ஒட்டிவிட்டுப் போயிருந்தது. அது எந்தச் சீட்டையும் படிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் இதயம் ஒட்டும். இதயத்தை வைத்து ஓட்டையை அடைக்கவா முடியும்?

மேற்குக் கரையில் பன்றிகள் நாளெல்லாம் முதுகு ஒடிய மேடைக்கு மண் கொட்டின.

சாயங்காலம் நீர்நாயின் கை மரத்துப் போனது. கரை பிளந்தது. நீர்நாய் வளைக்குள் பாய்ந்து இரண்டு குட்டிகளைக் கவ்விக்கொண்டு மேலேறியது. மூன்றாவதை எடுக்கத் திரும்பும்போது அங்கே வளையே இல்லை. கரைக்கு வெளியே தண்ணீர் போன வழியெல்லாம் ஓடித் தேடியது. கிடைக்கவில்லை.

இனி மயில் செய்ததைக் கேளுங்கள். ஏரி வற்றுவதைப் பாறை மேலிருந்து பார்த்தது. பதறியடித்து ஓடியதா? இல்லை. பலகையின் பூட்டைத் திறந்தது. மூலையில் கிடந்த சிவப்புச் சீட்டை எடுத்தது. தண்ணீர் இல்லாத ஏரி எப்படிக் கசியும்? சீட்டைப் பச்சையாக மாற்றி ‘முடிந்தவை’ கட்டத்தில் ஒட்டியது. குரங்கு அதற்கும் ஒரு இதயம் வைத்தது.

தாங்கள் முடித்த வேலையைச் சரிபார்க்கப் பன்றிகள் தினமும் ‘முடிந்தவை’ கட்டத்தைப் பார்க்கும். மூத்த பன்றி அந்தச் சீட்டைப் படித்தது. மேலே காலை நேரம் போட்டிருந்தது. பன்றிகள் உடனே வரவும் என்றும் இருந்தது. அது உறுமிக்கொண்டு மற்ற பன்றிகளோடு ஓடியது. சுற்றிப் போகத் தேவையில்லை. ஏரிக்கு நடுவிலேயே போகலாம்.

எதிரே சேற்றில் நீர்நாய் வந்துகொண்டிருந்தது. இரண்டு குட்டிகளும் அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தன. பன்றிகளும் நீர்நாயும் ஒன்றாகப் பாறைக்குப் போயின. மயில் கீழே இறங்கி வந்து, விஷயம் இவ்வளவு பெரிது என்று தெரியாது, நாளைக் கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகத்தான் இருந்தேன் என்று சொல்லத் தொடங்கியது.

“மூணு தடவ நடுவுல வெச்சேன்,” என்றது நீர்நாய். “மூணு தடவையும் உன் பேரு போட்ட அம்புதான் வந்து எடுத்துச்சு. நான் அங்க பாத்துக்கிட்டேதான் இருந்தேன். இப்ப சொல்லு, போன என் பிள்ளைய எந்தக் கட்டத்துல ஒட்டப் போற?”

மயில் என்னவோ சொன்னது. அதை நான் இங்கே எழுத மாட்டேன்.

மூத்த பன்றி மயிலின் பலகையைப் பிடுங்கி அதன் முன்னால் போட்டது. “மேடைய உடைங்கடா. அந்த மண்ணு பூரா கிழக்குக் கரைக்குப் போகணும். நீயும் தூக்கு. இந்தப் பலகையிலயே அள்ளிப் போட்டு இழு.”

மறுநாள் மாலை வரை வேலை நடந்தது. குரங்கும் இறங்கி வந்து மண் சுமந்தது. மயில் தோகை சேற்றில் புரள, பலகை நிறைய மண்ணை இழுத்துக்கொண்டு ஏரிக்குக் குறுக்கே போய்ப் போய் வந்தது. கரை அடைபட்டது. மீதி மழைக்கு ஏரியில் பாதித் தண்ணீர் சேர்ந்தது. நீர்நாய் வேறு இடத்தில் வளை தோண்டி, இரண்டு குட்டிகளோடு குடியேறியது.

சீட்டை ஓரத்தில் தள்ளிவிடலாம். அது சொல்லும் ஆபத்து ஓரத்தில் போய் நிற்காது.