நகம் வளரும் வேகம்

"என் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு லால்குடிக்கு, அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டா மேடம்" என்றார் அருளப்பன்.

அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கம். புதைபடிவ ஆய்வாளர் தவமணி, டைனோசரின் எலும்புத் துண்டு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். அருளப்பன் அவருடைய மாணவர். நாற்பதுக்கு மேல் ஆராய்ச்சிக்கு வந்தவர். தங்கமான மனுஷன், கொஞ்சம் வெகுளி.

"என்ன பண்ணினீங்க?"

"எலும்புக்கு மாவுக்கட்டுப் போடத் துணி பத்தலை. பீரோவுல ஒரு பழைய சேலை இருந்துச்சு. கிழிச்சுட்டேன்."

"பழசுதானே?"

"கல்யாணச் சேலையாம்."

தவமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அருளப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவி மரியபுஷ்பம் இல்லாத வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"சேலைக்காகப் போகலையாம். நான்தான் அவளை விட்டு எப்பவோ தூரமாப் போயிட்டேனாம். எங்க போனேன்? பொழுது சாஞ்சா வீட்டுலதானே இருக்கேன்? ஒரு அடி நகரலை மேடம்!"

தவமணி எலும்பை நீட்டினார்.

"நாக்குல வைங்க."

வைத்தார். ஒட்டிக்கொண்டது. எலும்பா கல்லா என்று அவர்கள் சோதிக்கும் வழி அதுதான். கல் ஒட்டாது.

நாக்கில் எலும்போடு அவரால் பேச முடியவில்லை. அதற்காகத்தான் கொடுத்தாரோ என்னவோ.

"இதோட சொந்தக்காரங்க எலும்பு மடகாஸ்கர்ல கிடைக்குது. நடுவுல அவ்வளவு பெரிய கடல். இது நீந்தியா வந்துச்சு?"

அருளப்பன் எலும்பை எடுத்தார்.

"இல்ல மேடம். ரெண்டும் ஒரே நிலமா இருந்துச்சு. பிளந்து விலகிடுச்சு."

"எவ்வளவு வேகமா?"

"வருஷத்துக்கு நகம் வளர்ற அளவு."

"மேல நின்ன மிருகத்துக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"அதுக்கு எப்படித் தெரியும்? அது பாட்டுக்கு நின்ன இடத்துல தழை தின்னுக்கிட்டு..."

அருளப்பன் பாதியில் நிறுத்தினார்.

தவமணி தூரிகையை எடுத்து வேறொரு துண்டைத் துடைக்கத் தொடங்கினார்.

"அப்புறம் நம்ம நிலம் போய் ஆசியாவோட ஒட்டிச்சே மேடம்" என்றார் அருளப்பன், கொஞ்சம் வீம்பாக. "வழி திறந்ததும் ரெண்டு பக்கமும் மிருகங்க போச்சு, வந்துச்சு. அவளும் வரலாமில்ல? முதல்ல எந்தப் பக்கத்து மிருகம் வந்துச்சாம்?"

"காலை எடுத்து வச்சது."

தவமணி நிமிர்ந்து பார்த்தார்.

அருளப்பன் லால்குடி பஸ்ஸைப் பிடிக்கச் சுரங்கச் சரிவில் பாதி ஏறியிருந்தார்.