மூன்றடி மேசை

தாசில்தாராக இருந்து ஓய்வுபெற்ற தணிகாசலம், தன் கையாலேயே ஒரு டைனிங் டேபிள் செய்யப்போவதாக ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டார். சம்பந்தி வந்திருந்த அன்று தேக்குப் பலகையைக் காட்டிப் பெருமை பேசினார். "தேக்குல மஞ்சக் கறை பிடிக்குமே" என்று சமையல்கார மயிலம்மாள் முணுமுணுத்தது தணிகாசலத்தின் காதில் விழுந்துவிட்டது.

"அப்ப நீயே சொல்லு. வீட்டுல ஆறு பேர். மேசை மூணடிக்கு மேல போகக் கூடாது. கறை, சூடு எதுவும் தாக்கக் கூடாது. சொல்லத் தெரியலேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"மூணடி தாராளம் ஐயா. முதல்ல நீங்க, அப்புறம் தம்பிங்க ரெண்டு பேர், அப்புறம் மருமகளுங்க ரெண்டு பேர். ஒரு நேரத்துல ரெண்டு பேருக்கு மேல உட்கார்றதில்லையே. மேல கடப்பாக் கல்லு போடுங்க."

"அஞ்சு பேர்தானே ஆச்சு?" என்றார் சம்பந்தி.

"அம்மா உட்கார்றதில்லைங்க. அடுப்பு மேடையில தட்டை வச்சு நின்னுக்கிட்டே சாப்பிடுவாங்க. அது கடப்பாக் கல்லுதான். முப்பது வருஷமா கறையுமில்ல, சூடும் தாக்கல."

சம்பந்தி காபி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். தணிகாசலத்துக்குக் காது மடல் சுட்டது.

அளவு நாடாவோடு அடுப்படிக்குப் போனார். மனைவி நின்றபடி ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தாள்.

"மேசையில உனக்கு எவ்வளவு இடம் விடட்டும்?"

வீட்டில் ஆளுக்கு எத்தனை கரண்டி சோறு என்று அறிந்தவள், இதற்குப் பதில் தெரியாமல் விழித்தாள்.