வழி விட்டவர் பெயர்

தேரடிச் சந்திப்பில் மேம்பாலத்துக்கு இறக்கம் கட்டத் தொடங்கியதிலிருந்து நகரத்தின் பாதி வண்டிகள் ஒற்றைச் சாலைக்குள் புகுந்து நெரிந்தன. ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த நெரிசலின் நடுவே ஓர் ஆம்புலன்ஸ் சிக்கியது. உள்ளே தேன்மொழிக்குப் பிரசவ வலி. குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்துகொண்டே வந்தது. மருத்துவமனையோ கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். அவள் தன் கணவன் கோட்டைச்சாமியின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"எனக்கு வழி விட்டவங்க பேரைத்தான் பிள்ளைக்கு வைப்பேன்."

முதலில் ஓடி வந்தவர் போக்குவரத்துக் காவலர் சுடர்க்கொடி. எதிர்த்திசை வண்டிகளை மறித்தார். பைக்குகளை நடுத்திட்டின் மேல் ஏற்ற வைத்தார். விசில் ஊதியபடியே ஆம்புலன்ஸுக்கு முன்னால் ஓடி, வேலை நடக்கும் இடம்வரை அதைக் கொண்டுவந்து சேர்த்தார்.

அங்கே சாலைக்கு மேலே நாற்பது டன் உத்திரம் கிரேனில் தொங்கிக்கொண்டிருந்தது. தூணில் அதை உட்கார வைக்க இன்னும் அரைமணி நேரம் ஆகும். மேற்பார்வையாளர் ஞானப்பிரகாசம் கைகளை விரித்துக் குறுக்கே நின்றார். ஒரே ஓட்டமாகக் கடந்துவிடலாம் என்று காவலர் மன்றாடினார். கூட்டம் வைதது. கோட்டைச்சாமி இறங்கி வந்து மேற்பார்வையாளரின் சட்டையைப் பிடித்து உலுக்கினான்.

"மேல தொங்குறப்ப கீழ யாரையும் விட மாட்டேன். வேணும்னா என் மேல ஏத்திட்டுப் போங்க" என்றார் அவர்.

மிச்சமிருந்தது பக்கத்து மண்பாதை மட்டும். அதில் எதிரே வந்து நின்றது அமிர்தலிங்கத்தின் கான்கிரீட் கலவை லாரி. பாரத்தோடு பின்னால் போனால் கால்மணி நேரமாகும். இடப்பக்கம் வடிகாலுக்கு வெட்டிய பள்ளம். அமிர்தலிங்கம் அதை ஒருமுறை எட்டிப் பார்த்தார், ஸ்டியரிங்கை ஒடித்தார். இரண்டு சக்கரங்கள் பள்ளத்தில் இறங்க, லாரி சாய்ந்து மண்கரையில் மோதி நின்றது. கிடைத்த இடைவெளியில் ஆம்புலன்ஸ் உரசிக்கொண்டு பாய்ந்தது. நெற்றியில் ரத்தம் வழிய அவர் கதவைத் தள்ளி வெளியேறியபோது, அது மருத்துவமனை வாசலைத் தொட்டிருந்தது.

எட்டு நிமிடத்தில் பெண் குழந்தை வீறிட்டு அழுதது. செய்தி வயர்லெஸ்ஸில் வந்ததும், அலுவலகத்துக்குத் தாமதமான அத்தனை பேரும் ஹாரனை அடித்துக் கொண்டாடினார்கள். உத்திரமும் அரைமணியில் பழுதில்லாமல் தூணில் அமர்ந்தது.

பெயர் வைக்கும் நாளில் சண்டை வந்தது. காவலர் இல்லையென்றால் அந்த இடம்வரைகூட வந்திருக்க முடியாது என்றான் கோட்டைச்சாமி. லாரிக்காரர்தான் என்றாள் தேன்மொழி. ஆம்புலன்ஸில் உடன்வந்த செவிலியோ, அன்று மறித்து நின்றவர் அசைந்து கொடுத்திருந்தால் எல்லோருமே உத்திரத்தின் கீழ் போயிருப்போம் என்று நினைவூட்டினாள்.

கேட்டவர்களே, நீங்கள் சொல்லுங்கள்: குழந்தைக்கு யார் பெயரை வைப்பது நியாயம்?

விடை இதுதான். சுடர்க்கொடி தன் கடமையை உயிரைக் கொடுத்துச் செய்தார். ஆனாலும் அவசரத்தில் ஓர் ஆபத்துக்கும் துணிந்தார். ஞானப்பிரகாசம் செய்தது முற்றிலும் சரி. ஆனால் அவர் வழியை மறித்தவர், தாய் சொன்ன வாக்கு அவரைச் சேராது. எந்தக் கட்டாயமும் இல்லாமல், பிறர் உயிரைப் பணயம் வைக்காமல், தன்னையே சாய்த்துக்கொண்டு வழி விட்டவர் அமிர்தலிங்கம். குழந்தை அமிர்தா ஆனாள். ஞானப்பிரகாசத்துக்குச் சேர வேண்டியது மன்னிப்பு. அதைக் கேட்கக் கோட்டைச்சாமி மறுநாளே பாலத்தடிக்குப் போனான். அவன் பேச்சை எடுக்கும் முன்பே அவர் முந்திக்கொண்டார்: "பிள்ளை என்ன எடை இருக்கு?"